அஞ்சு மணிக்கு ஒபிஸ் விட்டு, கையில போனஸ்

டிசம்பர் வந்தா எனக்கு வாற கடிதம் எல்லாம் ஒரே கதைதான். மற்ற மாசங்களில மாமியார், முடி கொட்டுறது, படிக்காத மகன். இந்த மாசம் வந்ததில முக்கால்வாசி போனஸ். அதால மிச்சக் கேள்வியளை அடுத்த இதழுக்குத் தள்ளிட்டன், முடி கொட்டுற ஆக்கள் கோவிக்காதேங்கோ.

கேள்வி: அக்கா, நான் கோட்டையில ஒரு ஒபிஸில கணக்குப் பகுதியில இருக்கிறன், வீடு வெள்ளவத்தை. போனஸ் ஒரு மாசச் சம்பளம், 85,000, வாற கிழமை போடுவினம். போன வருசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர், ரெண்டு பிள்ளையள், மாமி, மச்சாள் எண்டு குடும்பமா ஒரு பெரிய மோலுக்குப் போனனாங்கள், இரவு திரும்பி வரேக்க கையில இருந்தது ஒரு தாச்சிச் செட்டும் பிள்ளையளின்ர விளையாட்டுச் சாமானும்தான், மிச்சக் காசு எங்க போனதெண்டே தெரியேல்ல, எனக்கெண்டு ஒரு சீப்புக்கூட வாங்கேல்ல. இந்த முறை வேலை முடிஞ்ச கையோட தனியப் பெட்டாக் கடைத்தெருவுக்குப் போய் எனக்கொரு சாறி, மகளுக்கொரு சட்டை, ஊரில இருக்கிற அம்மாக்கு ஒரு நல்ல போர்வை வாங்கிக்கொண்டு ஏழரைக்குள்ள வீட்ட வந்திடலாம் எண்டு பாக்கிறன். இவர் சொல்லுறார் அவசரத்தில போனா ஏமாத்திப் போடுவாங்கள், ஞாயிறு ஆறுதலாப் போவம் எண்டு. ரெண்டு மணித்தியாலத்தில ஏலாதோ? ஒருத்தருக்கும் சொல்லாமப் போறது கள்ளம் செய்யிற மாதிரியும் கிடக்கு.
— ரெண்டு மணித்தியாலக்காரி, வெள்ளவத்தை

பதில்: போங்கோ பிள்ளை. போன வருசம் உங்களை எந்தக் கடைக்காரனும் ஏமாத்தேல்ல, அந்த ஆறுதல்தான் காசைத் திண்டது. ஆறு பேர் வெளிக்கிட்டா முதல்ல வாகனத்துக்குக் காசு, போய் இறங்கினா ஒருத்தருக்குத் தண்ணி விடாய், ஒருத்தருக்குக் கால் உளைவு, சின்னவனுக்கு ஐஸ்கிறீம், பிறகு மத்தியானச் சாப்பாடு, சாப்பிட்ட பிறகு வந்ததுக்கு ஏதும் வாங்கத்தானே வேணும் எண்டு ஒரு தாச்சிச் செட். நேரம் நிறையக் கிடந்தா காசும் நிறையப் போகும், இதை நான் எத்தினையோ ஞாயிற்றுக்கிழமை என்ர கண்ணால பாத்திருக்கிறன், என்ர வீட்டிலயே.

வேலை முடிஞ்சு போற ரெண்டு மணித்தியாலத்துக்கு நீங்கள் கட்டுப்படத் தேவையில்லை, அதுவே உங்களைக் கட்டும். பெட்டாக் கடையள் சாதாரண நாளில ஆறு, ஆறரைக்கு ஷட்டரை இழுக்கத் தொடங்கிடுவினம், டிசம்பரில கொஞ்சம் கூட நேரம் திறந்திருக்கும், அவ்வளவுதான். அதோட நீங்கள் திரும்பி வரப்போறது 100 இல்லாட்டி 101 பஸ்ஸில, அந்த நேரத்தில சீற் கிடைக்கிறதெண்டா முற்பிறப்பில புண்ணியம் செய்திருக்க வேணும். ஒரு கையால கம்பியைப் பிடிக்க மற்றக் கையில என்ன கொள்ளுமோ அதுதான் உங்கட பட்ஜெட். தாச்சிச் செட்டைத் தூக்கிக்கொண்டு ஒருத்தரும் 101ல ஏறமாட்டினம்.

ஆனா முக்கியமான வேலை அஞ்சு மணிக்கு முதல் ஒபிஸுக்குள்ளயே இருக்கு. காசு விழுந்த மெசேஜ் வந்த உடன, பக்கத்துமேசைப் பிள்ளை எட்டிப் பாக்கிறதுக்கு முதல், அதைப் பிரிச்சுப் போடுங்கோ. 85,000ல ஒரு 25,000ஐ மெஷினில எடுத்துக் கைப்பையில வையுங்கோ, மிச்சத்தைக் கார்ட் இல்லாத ஒரு சேமிப்புக் கணக்குக்கு அனுப்புங்கோ, ஜனவரியில கொப்பி, சப்பாத்து, யூனிபோம் எண்டு பள்ளிக்கூடம் வந்து வாசலில நிக்கும்தானே. ஏன் உடனயே எண்டா, சம்பளக் காசை நாங்கள் ஒரு கண்ணால பாப்பம், போனஸை வேற ஒரு கண்ணால பாப்பம். நோட்டு அதே நோட்டுத்தான், ஆனா போனஸ் எண்டா சும்மா கிடைச்ச மாதிரி இருக்கும். றிச்சட் தேலர் எண்டு ஒரு அமெரிக்கப் பொருளாதாரக்காரர், 2017ல நோபல் பரிசு எடுத்தவர், இதை மனக்கணக்கு எண்டு சொல்லி எழுதினவர். எங்கட அம்மம்மாமாருக்கு இது நோபல் இல்லாமலே தெரியும், அரிசிப் பானைக்குள்ள ஒரு காசு, சாமித்தட்டுக்குக் கீழ ஒரு காசு, சீலைத் தலைப்பில முடிஞ்சது ஒரு காசு, ஒண்டை எடுத்து மற்றதுக்குப் போடமாட்டினம். நீங்களும் அதைத்தான் போனில செய்யப் போறீங்கள்.

இனி வழி. கோட்டையில இருந்து நடந்தே போங்கோ, அந்த நேரத்தில ஓட்டோ பிடிச்சா நடக்கிறதை விட மெதுவாத்தான் போகும். மெயின் ஸ்ட்ரீட் வாசலில கான் மணிக்கூட்டுக் கோபுரம் நிக்குதெல்லோ, 1923ல ஒரு பார்சிக் குடும்பம் கட்டினது, அதுக்குக் கீழ நிண்டு நேரத்தைப் பாருங்கோ. அதில இருந்துதான் உங்கட ரெண்டு மணித்தியாலம். அங்க ஒரு பிளேன்டீயும் ரெண்டு வடையும் சாப்பிட்டிட்டு உள்ளுக்குப் போங்கோ, பசியோட போனா முதல் கடையிலயே சரி சரி இதைத் தாங்கோ எண்டு முடிச்சிடுவீங்கள். பிறகு முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் திரும்ப வேண்டாம், அது முழுக்க கரண்ட் சாமான், போன் சாமான், உங்கட லிஸ்டில இல்லாததெல்லாம் அங்கதான் கிடக்கு. நாலாம் குறுக்குத் தெரு சீனி, பருப்பு, மூட்டைக்காரரின்ர இடம், அந்த நேரத்தில மூட்டை தூக்கிற நாட்டாமைமாரின்ர வண்டிலுக்குள்ள மாட்டுப்படாதேங்கோ. உங்கட வேலை மெயின் ஸ்ட்ரீட்டிலயும் மூண்டாம் குறுக்குத் தெருவிலயும் முடிஞ்சிடும்.

முதல்ல சாறி. இதில ஒரு விசியம், டிசம்பரில கொழும்பில ஆறு மணி அளவில சூரியன் போயிடும். சாறியின்ர நிறம் பகல் வெளிச்சத்தில ஒண்டு, கடை லைட்டுக்குக் கீழ இன்னொண்டு, நான் மெரூன் எண்டு வாங்கிக்கொண்டு வந்த சாறி வீட்டு முத்தத்தில கத்தரிக்காய் நிறமா நிண்டது. அதால வெளிச்சம் இருக்கேக்கையே சாறியைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து விரிச்சுப் பாருங்கோ, முந்தானையில இருந்து உள்பக்க முனை வரைக்கும், மடிப்பில நூல் இழுபட்டிருக்கோ, பிளவுஸ் துண்டு சேந்து கிடக்கோ எண்டு. கடைக்குள்ள கால் வைக்கேக்கையே "பத்தாயிரத்துக்குள்ள, பருத்தி, பச்சை" எண்டு விலையையும் சேத்துச் சொல்லுங்கோ. புதுசா என்ன வந்திருக்கு எண்டு மட்டும் கேட்டிடாதேங்கோ, அதைக் கேட்டா அந்தப் பெடியன் நாப்பது சாறியை விரிச்சுப் போட்டிட்டு உங்கட முகத்தைப் பாத்துக்கொண்டு நிப்பான், பாவம் இவ்வளவு விரிச்சிட்டானே எண்டு நீங்கள் ஒண்டை எடுப்பீங்கள். மூண்டு கடை, அதுக்கு மேல ஏற வேண்டாம். மூண்டிலயும் பிடிக்காட்டி சாறிக் காசு உங்கட பைக்குள்ளயே கிடக்கட்டும், வெள்ளவத்தையில காலி வீதி நீட்டுக்குச் சாறிக் கடைதானே, இன்னொரு பின்னேரம் பாக்கலாம்.

மகளின்ர சட்டைக்கு வயசைச் சொல்லி வாங்காதேங்கோ, ஏழு வயசுச் சட்டை எண்டு ஒவ்வொரு கடையில ஒவ்வொரு அளவு. காலமையே அவளின்ர பழைய சட்டை ஒண்டைத் தோளில இருந்து விளிம்பு வரைக்கும் ஒரு நூலால அளந்து, முடிச்சுப் போட்டுக் கைப்பைக்குள்ள வையுங்கோ. போர்வை கடைசி, இருட்டினாப் பிறகும் வாங்கலாம், அதைத் தூக்கிக்கொண்டு ரெண்டு மணித்தியாலம் அலையவும் ஏலாது.

பேரம் பேசுறது நடைபாதையில. விலை ஒட்டின கடையில நிண்டு வாதாடி நேரத்தை விடாதேங்கோ. நடைபாதையில எதையும் ரெண்டு தரம் பாருங்கோ, நான் வேலைக்குப் போற காலத்தில இதே மாதிரி ஒரு போனஸ் பின்னேரம் மழை தூறத் தொடங்க அவசரத்தில ஒரு சோடி செருப்பு வாங்கினனான், வீட்ட வந்து பாத்தா ரெண்டும் இடது கால். அடுத்த நாள் போனா அந்த மனிசன் அதே இடத்தில குடை வித்துக்கொண்டு நிக்கிறார். உங்கட இவர் சொல்லுறதிலயும் அவ்வளவு நியாயம் இருக்கு, அதுக்கு மேல இல்லை.

கள்ளம் எண்டு சொன்னீங்களே, அதுக்கு மருந்து லேசு. அஞ்சு மணிக்கு "பெட்டாக்குப் போறன், ஏழரைக்கு வருவன், சோத்தைப் போட்டு வையுங்கோ" எண்டு ஒரு மெசேஜ் அடிச்சிட்டு நடவுங்கோ. கேட்டாத்தான் கரைச்சல், சொன்னா இல்லை.

கேள்வி: எனக்கு மாசம் 160,000 சம்பளம், போனஸும் அதே அளவு. ஆனா கையில வந்தது 150,400. ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) வெட்டிட்டாங்களா, இல்ல கம்பனி விளையாடுதா?
— வெட்டுப்பட்டவன், மட்டக்குளி

பதில்: போனஸில ஈபிஎஃப் வெட்டுறதில்லை தம்பி, உங்கட 8 வீதமும் கம்பனியின்ர 12 வீதமும் சம்பளத்தைக் கணக்குப் பாத்துத்தான். போனது வருமான வரி. 2025 ஏப்ரலில இருந்து வருசத்துக்கு 18 இலட்சம் வரைக்கும் வரி இல்லை, அதுக்கு மேல வாற முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம். உங்கட சம்பளம் மட்டுமே வருசத்துக்கு 1,920,000, அப்ப அந்த 18 இலட்சத்தை ஏற்கெனவே தாண்டியாச்சு, போனஸ் முழுக்க அந்த 6 வீதத்துக்குள்ள விழும், 160,000க்கு 9,600. கழிச்சுப் பாருங்கோ, 150,400 சரியா வரும். கம்பனி விளையாடேல்ல. மேல கடிதம் போட்ட வெள்ளவத்தைப் பிள்ளைக்கு 85,000ம் முழுசா வாறதும் இதாலதான், அவ 18 இலட்சத்துக்குக் கிட்டயும் போகேல்ல.

கேள்வி: எங்க கம்பனில இந்த வருசம் போனஸ் இல்லன்னு நோட்டீஸ் போட்டுட்டாங்க. சட்டப்படி கேட்டு வாங்கலாமா?
— பெயர் வேண்டாம், கிராண்ட்பாஸ்

பதில்: இந்தியாவில 1965ல இருந்தே போனஸைச் சட்டத்தில வச்சிருக்கினம், இப்ப குறைஞ்சது சம்பளத்தில 8.33 வீதம் குடுக்க வேணும் எண்டு. அதைப் படத்திலயும் பேப்பரிலயும் பாத்திட்டு இங்கயும் அப்பிடித்தான் எண்டு கனபேர் நினைக்கினம். இலங்கையில தனியார் கம்பனியள் எல்லாம் கட்டாயம் குடுக்க வேணும் எண்டு அப்பிடி ஒரு பொதுச் சட்டம் இல்லை. உங்களுக்குத் தந்த நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கோ, யூனியன் இருந்தா கூட்டு ஒப்பந்தத்தையும் பாருங்கோ, அதில போனஸ் எண்டு எழுதியிருந்தா விடாதேங்கோ, நாரஹேன்பிட்டியில தொழில் திணைக்களத்துக்குப் போய்க் கேளுங்கோ. கடிதத்தில ஒண்டும் இல்லையெண்டா முதலாளியின்ர மனசுதான்.

கேள்வி: அக்கா, என் வைஃப் போனஸ் வந்த அன்னைக்கே வேலை முடிஞ்சு வர்ற வழில செட்டியார் தெருவுல இறங்கி அரை மணித்தியாலத்துல ஒரு சங்கிலி வாங்கிட்டு வந்துட்டா. கல்லு வச்ச பென்டனோட. காசு வீணாப் போகல, தங்கம் சேமிப்புதானேங்கிறா. எனக்கு வயிறு எரியுது, ஆனா என்ன பதில் சொல்றதுன்னு தெரியல.
— வாயடைச்சவன், கொட்டாஞ்சேனை

பதில்: மேல ஒருத்திக்கு ரெண்டு மணித்தியாலத்தில போய் வா எண்டு சொன்ன நான், உங்கட மனிசிக்கு அரை மணித்தியாலம் காணாதெண்டு சொல்லப் போறன். சாறி பிழைச்சா ஒரு சாறி பிழைச்சது. தங்கத்தில பிழைச்சா விக்கேக்கைதான் தெரியும்.

அவவோட சண்டை பிடிக்க முதல் பில்லை வாங்கிப் பாருங்கோ. 22 கரட் எண்டா 916, நூறு பங்கில 91.6 பங்கு தங்கம், அந்த முத்திரை நகையில இருக்க வேணும், பில்லிலயும் இருக்க வேணும். ஒரு பவுண் 8 கிராம். கல்லு வச்ச பென்டன் எண்டு சொல்லுறீங்கள், கல்லையும் சேத்து நிறுத்துத் தங்க விலை போட்டிருந்தா நீங்கள் கண்ணாடிக்குத் தங்க விலை குடுத்திருக்கிறீங்கள், அதால தங்கத்தின்ர நிறை தனிய, கல்லு தனிய, செய்கூலி தனிய எழுதியிருக்கோ எண்டு பாருங்கோ. எழுதாட்டி அடுத்த நாளே போய் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கோ, சுணங்கக் கூடாது. திருப்பி விக்கேக்க செய்கூலியும் சேதாரமும் வராது, அது போனது போனதுதான், அடகு வைக்கப் போனாலும் வங்கி தங்கத்தை மட்டும்தான் நிறுக்கும். இதெல்லாம் சரியா இருந்தா, மனிசி சொல்லுறது சரி, நீங்கள் வாயை மூடிக்கொண்டு சங்கிலி வடிவா இருக்கெண்டு சொல்லுங்கோ.

இனி வாங்குற ஆக்களுக்கு: தங்கத்துக்கு முதல் நாள் பின்னேரம் பாக்க மட்டும் போங்கோ, காசைக் கொண்டு போகாம. ரெண்டு மூண்டு கடையில அண்டைய விலையையும் செய்கூலியையும் கேட்டு எழுதிக்கொண்டு, கதிரேசன் கோயிலில ஒரு கும்பிடு போட்டிட்டு வீட்ட வாங்கோ. அடுத்த நாளும் அதே சங்கிலி மனசில நிண்டா போய் வாங்குங்கோ.

கேள்வி: போனஸ் வந்த உடனே முதல்ல செய்ய வேண்டிய வேலை என்ன?
— அவசரக்காரன், மருதானை

பதில்: போனை சைலண்டில போடுறது. கடன் கேக்கிற ஆக்களுக்கு உங்கட கம்பனி போனஸ் போடுற திகதி உங்களை விட நல்லாத் தெரியும்.

கேள்வி: எங்களுக்கு போனஸ் டிசம்பர்ல தான் தாராங்க, பெருநாளைக்கு ஒண்டும் தாரல்ல. சல்லி கைல இருக்கிற நேரமே மூணு புள்ளைகளுக்கும் பெருநாள் உடுப்ப எடுத்து வச்சா நல்லம்னு நான் சொல்றேன், உம்மா சொல்றாங்க இப்ப வாணாம்னு. நோம்பு நேரத்துல கடைக்கு ஏறினா சனம், விலையும் கூட, வேலை முடிஞ்சி வந்து நோம்போட அலையவும் ஏலாது.
— மூன்று பிள்ளைகளின் தாய், தெமட்டகொடை

பதில்: நோம்போட பின்னேரம் பெட்டாவில அலையிற கஷ்டம் எனக்கும் விளங்குது தங்கச்சி, ஆனா இதில நான் உம்மாவோட நிக்கிறன். பிள்ளையள் உங்களைக் கேட்டிட்டு வளர்றதில்லை. இப்ப அளவா எடுத்தா பெருநாளண்டைக்கு கை ஏறி நிக்கும், பெரிசா எடுத்தா அண்ணனின்ர சட்டையைப் போட்ட மாதிரி. அதோட பிள்ளையளுக்குப் பெருநாள் உடுப்பில பாதிச் சந்தோசம் அதை வாங்கப் போறதுதானே, அலுமாரிக்குள்ள மூண்டு மாசம் கிடந்த உடுப்பு எப்பிடிப் புதுசாகும்.

நீங்கள் ஒண்டு செய்யலாம். துணியா எடுத்து வையுங்கோ. உங்களுக்கு, உம்மாக்கு, பொம்பிளைப் பிள்ளைக்கு எண்டு இப்ப துணியை வாங்கி வச்சு நோம்பு தொடங்க முதல் தையலுக்குக் குடுத்தா தையல்காரரின்ர பிகுவும் குறைவா இருக்கும். வீட்டுச் சாமான், கட்டில் விரிப்பு, திரைச்சீலை, துவாய், இதுகளும் இப்ப எடுக்கலாம், அதுகள் வளராதுதானே. ஆம்பிளைப் பிள்ளையளின்ர உடுப்புக் காசை ஒரு கவருக்குள்ள போட்டு உம்மாட்டக் குடுத்து வையுங்கோ. வாணாம் எண்டு சொன்னவ, அப்ப கவனமா வச்சிருப்பா.

கேள்வி: வேலை முடிஞ்சு அவசரமா ஒரு கடையில சப்பாத்து வாங்கினன். கார்டைக் குடுத்தா 3 வீதம் கூடப் போட்டாங்கள், பில் கேட்டா சின்ன ஒரு துண்டுக் கடதாசியில விலையை மட்டும் எழுதித் தந்தாங்கள், பேக்குக்கும் காசு. நேரமில்லாததால வாய் திறக்காம வந்திட்டன். இது சரியா?
— வாய் திறக்காதவர், பம்பலப்பிட்டி

பதில்: மூண்டும் ஒண்டில்லை. பேக்குக்குக் காசு எடுத்தது சரி, 2025 நவம்பர் 1ல இருந்து பொலித்தீன் பேக்கைச் சும்மா குடுக்கேலாது, அதால இந்த மாதிரிப் பயணத்துக்கு ஒபிஸ் மேசை லாச்சிக்குள்ள ஒரு துணிப்பை கிடக்கட்டும். கார்டுக்குக் கூடப் போட்டது பிழை. கடைக்காரர் வங்கிக்குக் குடுக்க வேண்டிய கமிஷனை வாங்கிற ஆளின்ர தலையில போடக் கூடாதெண்டு அவை வங்கியோட செய்த ஒப்பந்தத்திலயே கிடக்கு, மத்திய வங்கியும் இதைப் பகிரங்கமாச் சொல்லியிருக்கு, உங்களுக்குக் கார்ட் தந்த வங்கிக்கு அந்தத் துண்டோட முறைப்பாடு செய்யுங்கோ. கேட்டா ஒழுங்கான பில் தரத்தான் வேணும், அது 2003ல வந்த நுகர்வோர் சட்டத்தில இருக்கு, தராட்டி 1977க்கு அடிச்சு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குச் சொல்லலாம். ஆனா உண்மையைச் சொன்னா, பின்னேரம் ஆறரைக்கு ரெயினைப் பிடிக்க நிக்கிற ஆள் இதெல்லாம் செய்யமாட்டார், அது கடைக்காரருக்கும் தெரியும். அதால கார்டை நீட்ட முதல் "கூடப் போடுவீங்களோ?" எண்டு கேளுங்கோ. ஓம் எண்டா காசாக் குடுங்கோ, இல்லாட்டி சப்பாத்தைக் கழட்டி வச்சிட்டு வாங்கோ. கழட்டினாப் பிறகு அந்த 3 வீதம் அனேகமா இல்லாமப் போகும்.

கேள்வி: போனஸ் 60,000. அதை முன்பணமாக் கட்டி மிச்சத்தைக் கார்டுல போட்டு 180,000 ரூபா போன் ஒண்டு எடுக்கலாம் எண்டு இருக்கிறன். வேலை முடிஞ்சு போனா அரை மணித்தியால வேலை.
— புதுப்போன், கிருலப்பனை

பதில்: அரை மணித்தியால வேலை, ஒரு வருசக் கடன். வட்டியில்லாத் தவணை எண்டு கடையில போட்டிருந்தா, காசுக்கு வாங்கினா என்ன விலை எண்டு முதல்ல கேளுங்கோ, ரெண்டு விலையும் ஒண்டா இருந்தா மட்டும் யோசிக்கலாம். அப்பிடி இல்லாமச் சும்மா கார்டில போட்டிட்டு மாசாமாசம் ஆகக் குறைஞ்சதைக் கட்டிக்கொண்டு போனா, அடுத்த டிசம்பர் போனஸை இந்தப் போன்தான் எடுக்கும். இப்ப இருக்கிற போன் வேலை செய்யுதெல்லோ, அதிலதானே எனக்கு இதை அடிச்சனீங்கள்.

கேள்வி: அக்கா, பெட்டாக்குப் போறதுக்கு எந்தச் செருப்பு நல்லம்?
— கால் நோகாரி, தெஹிவளை

பதில்: பிய்யிற நிலையில உள்ளதைப் போட வேண்டாம். அங்க பிய்ஞ்சா அங்கயே புதுசு வாங்க வேண்டி வரும். வாங்கினா ரெண்டு காலையும் போட்டுப் பாருங்கோ.